மங்கோலியாவுக்கு ஆயத்தமாகிறேன்

ஜனவரி 12, ஞாயிறு

இன்று எங்கள் தெபோராபுரம் ஆலயத்தில் எனக்கும் என் மனைவி பியூலாவுக்கும் வழியனுப்பு ஆராதனை நடந்தது. பதினோரு சால்வை, சட்டம் போட்ட வேதவசனம் நான்கு, ஒரு சுவர்க்கடிகாரம். மங்கோலியாவில் பாதிப்பேர் வட்டக் கூடாரத்தில் குடியிருக்கிறார்கள், ஆணியடிக்கச் சுவர் கிடையாது என்பது இங்கே யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை. அன்பை மறுக்கக்கூடாது என்று வாங்கிக்கொண்டேன்.

எங்களுக்காக ஜெபிக்கச் சொல்லி வீடுவீடாகக் கொடுக்கும் ஜெப அட்டையும் இன்றே வெளியிடப்பட்டது. நானும் பியூலாவும் நிற்கும் படத்துக்குப் பின்னால் ஸ்டூடியோக்காரர் தன் சொந்த விருப்பத்தில் ஒரு குதிரையைச் சேர்த்துவிட்டார். அது முன்னங்காலை என் தோளில் வைத்திருக்கிறது. அடியில், "மங்கோலிய வாலிபர் மத்தியில் ஊழியம்: தனசிங் – பியூலா" என்று இருக்கிறது. ஐந்நூறு அடித்தார்கள், போதவில்லை.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே வழியனுப்பு எதற்கு என்று பியூலா கேட்டாள். எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு மே மாதம் வேறு சேகரத்துக்கு மாற்றல். தன் காலத்தில் ஒரு மிஷனெரியாவது இந்த ஊரிலிருந்து புறப்பட்டான் என்று இருக்க வேண்டும் என்பது அவருடைய பாரம். அதில் தப்பென்ன? தேதிதானே பாக்கி.

பிற்காலத்தில் இந்த நாட்குறிப்பை அச்சிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. கடிகாரத்தைப் பற்றி எழுதியதை நீக்கிவிடலாம். கொடுத்தவர் குடும்பம் வருத்தப்படும்.

ஜனவரி 15, புதன்

எங்களைக் கூப்பிட்டிருக்கும் மங்கோலிய ஊழியர் பாத்பாயர் அண்ணனிடமிருந்து மறுபடியும் மெயில். அவரும் அவர் மனைவி ஒயுனாவும் வடக்கே ஒரு சிறு நகரத்தில் பழைய கூடம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை அங்கே கடுங்குளிர், மைனஸ் முப்பது வரை போகும். வாலிபப் பிள்ளைகளுக்குப் போக்கிடம் இல்லை. நாற்பது பேர் கூடைப்பந்து ஆட வருகிறார்கள். அவர்களோடு ஆடவும், உட்கார்ந்து பேசவும், வேதம் சொல்லவும் இரண்டு பேர் வேண்டும். "எதுவும் கொண்டுவர வேண்டாம். மொழியை நாங்கள் சொல்லித்தருகிறோம். சீக்கிரம் வாருங்கள்" என்று முடித்திருக்கிறார்.

நல்ல மனுஷர்தான். ஆனால் திட்டமிடுதல் போதாது. பதறிய காரியம் சிதறும். இன்னொரு கலாச்சாரத்துக்குள் கால் வைப்பது என்ன பக்கத்துத் தெருவுக்குப் போவதா? ஓர் ஆயத்த அட்டவணை போட்டேன். முதலில் குளிர், பிறகு உணவு, பிறகு சரித்திரம், குதிரையேற்றம். கடைசியாக மொழி. பியூலா அட்டவணையைப் பார்த்துவிட்டு, "கூடைப்பந்து எங்க?" என்றாள். அது உள்ளூர் விஷயம், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.

பியூலா பத்து வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். போன வாரம் ராஜினாமா கொடுத்துவிட்டாள். நான் உப்புக் கம்பெனியில் குடோன் சூப்பர்வைசர். நான் ராஜினாமா செய்யவில்லை, சம்பளமில்லாத விடுப்பு போட்டிருக்கிறேன். குடும்பத்தில் ஒருவராவது ஞானமாய் நடக்க வேண்டும்.

ஜனவரி 27, திங்கள்

குளிர்ப் பயிற்சி ஆரம்பம். பியூலாவின் தம்பி ரெக்ஸ்லின் தூத்துக்குடியில் ஒரு மீன் கம்பெனியில் கோல்டு ஸ்டோரேஜைப் பார்த்துக்கொள்கிறான். உள்ளே மைனஸ் பதினெட்டு. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, அதன் மேல் வழியனுப்பில் கிடைத்த சால்வைகளில் மூன்று. இரண்டு பக்கமும் கூரை வரை கணவாய் மீன் பெட்டிகள்.

நான்கு நிமிடம் நின்றேன். ரெக்ஸ்லின் கதவைத் திறந்து, "அத்தான், பல்லு ஆடுத சத்தம் வெளிய வரைக்கும் கேக்கு" என்றான். விசுவாச வீரர்களின் ஆரம்பம் எளிமையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 3

ஐந்து நிமிடம் இருபது நொடி.

பிப்ரவரி 11, செவ்வாய்

உணவுப் பயிற்சி. மங்கோலியர் டீயில் உப்புப் போட்டுக் குடிப்பார்களாம். காலையில் அப்படியே போட்டுக் குடித்தேன். உப்புக் கம்பெனிக்காரனுக்கு இது ஒரு சோதனையா என்று நினைத்திருந்தேன். சோதனைதான்.

மசாலா இல்லாமல் அவித்த ஆட்டுக்கறி மதியம். பியூலா அப்படியே தின்றாள். நான் ஒரு கரண்டி மீன்குழம்பு ஊற்றிக்கொண்டேன். படிப்படியாகத்தான் விட வேண்டும்.

காலையில் பல் தேய்க்கும்போதே அவள் ஒயுனாவுடன் வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறாள். நோட்டில் முந்நூறு வார்த்தை எழுதி வைத்திருக்கிறாளாம். அந்தக் கூடத்துக்கு வரும் பிள்ளைகள் பன்னிரண்டு பேரின் பெயர் தெரியுமாம். இலக்கண அடிப்படை இல்லாமல் பேசப் பழகுவது ஆபத்து என்று எச்சரித்தேன். நான் சரித்திரத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை வந்திருக்கிறேன். அறுநூறு பக்கப் புத்தகம்.

"அங்க உள்ள பிள்ளையளுக்கு பதினாறு, பதினேழு வயசு" என்றாள் பியூலா. "எந்த ராஜா எந்தக் குதிரைல வந்தாருன்னா கேக்கப் போவுது?"

பெண்களுக்குப் பொறுமை குறைவு என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அச்சிடுகிறவர்கள் அடித்ததை அடித்தபடியே விட்டுவிடவும்.

பிப்ரவரி 23, ஞாயிறு

வழியனுப்பி ஆறு வாரமாகிறது. காய்கறிக் கடையில், ரேஷன் கடையில், முடி வெட்டுகிற இடத்தில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி. "இன்னும் போகலையா?" விசாவுக்கு எழுதிப் போட்டிருக்கிறது என்கிறேன்.

கேட்பவர்கள் எல்லாரும் சால்வை போட்டவர்கள். போட்ட சால்வைக்கு ஒரு மரியாதை இருக்கிறதல்லவா என்பது போல என் தோளைப் பார்க்கிறார்கள். செத்தவீட்டுக்குப் போய் எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டு வெளியே வந்தால், செத்தவரே வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? ஊர் என்னை அப்படிப் பார்க்கிறது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? இனிமேல் கடைக்கு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போவதாக முடிவு.

மார்ச் 5, சாம்பல் புதன்

லெந்து என்னும் தவக்காலம் ஆரம்பம். குதிரையேற்றப் பயிற்சிக்குத் திருச்செந்தூர்க் கடற்கரைக்குப் போனேன். குழந்தைகளை ஏற்றிச் சுற்றும் குதிரை ஒன்றுதான் இருந்தது. எனக்கு முன்னால் வரிசையில் ஆறு பிள்ளைகள். என் முறை வந்ததும் குதிரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை எங்க?" என்றார். நான்தான் என்றேன்.

கடல் பக்கமாக ஐம்பது அடி போய்த் திரும்பியது. இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அட்டவணையில் குதிரையை அடித்துவிட்டேன். மங்கோலியாவில் இப்போது பஸ் நிறைய இருக்கிறதாம்.

ஏப்ரல் 2, புதன்

ஒரு மெயில் வந்தது. தலைப்பை மட்டும் பார்த்தேன். லெந்து நாட்களில் உலக காரியங்களைக் குறைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஏப்ரல் 3

கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு தாள் பிரிண்ட் எடுத்தேன். சரித்திரப் புத்தகத்தில் பக்க அடையாளத்துக்கு ஒன்றும் இல்லாமல் சிரமமாக இருந்தது. இப்போது வசதி. 212ஆம் பக்கம்.

கோல்டு ஸ்டோரேஜ்: பதினொரு நிமிடம்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அதிகாலை ஆராதனைக்குப் பக்கத்து ஊர் ஆலயத்துக்குப் போனேன். ஒரே சபையில் முடங்கிக் கிடக்கக்கூடாது. பியூலா நம் ஆலயத்துக்கே போனாள். எல்லாரும் கேட்டார்களா என்றேன். "கேட்டாவ. விசா இன்னும் வரலன்னு சொன்னேன்" என்றாள். பிறகு, "இவ்ளோ நாளா ஆவும்? ஐயர்ட்ட சொல்லி ஒரு கடுதாசி எழுதச் சொல்லட்டுமா?" என்றாள்.

வேண்டாம், அவர்களை அவசரப்படுத்தினால் மரியாதையாக இருக்காது என்றேன். மங்கோலியக் கலாச்சாரத்தில் அவசரம் பெரிய குற்றம். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மே 11, ஞாயிறு

ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. மதியம் அசனம். ஊர் முழுக்கப் பந்தலில் ஒன்றாக உட்கார்ந்து சோறும் கறிக்குழம்பும் சாப்பிடுகிற நாளில் வீட்டில் இருந்தால் அது வேறு பேச்சாகிவிடும். போனேன். கடைசிப் பந்தியில் ஓரமாக உட்கார்ந்தேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஞானமுத்து அண்ணாச்சி. சென்னையில் மகன் வீட்டில் இருந்துவிட்டுப் பண்டிகைக்கு வந்திருக்கிறார். என்னைக் கண்டதும் இலையை விட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

"தனசிங்கு! எப்ப வந்திய? மங்கோலியால இருந்து எப்ப வந்திய?"

என் வாயில் எலும்பு. அதை எடுப்பதற்குள் அவரே மேலே பேசிக்கொண்டு போய்விட்டார். "ஆளே வெளுத்துல்லா போயிட்டிய! அந்த ஊரு குளிரு அப்படி. பியூலாவும் வந்திருக்கா? ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம். ரெண்டாந்தரம் கறி வைங்கப்பா அண்ணனுக்கு. அங்க மசால் இல்லாத கறியத் தின்னு நாக்கு செத்திருக்கும்."

வெளுத்தது உண்மை. கோல்டு ஸ்டோரேஜும், வெயில் படாமல் வாய்க்கால் கரை மரநிழலில் நடந்ததும் காரணமாக இருக்கலாம். மசால் இல்லாத கறி தின்றதும் உண்மை. சாப்பாட்டு நேரத்தில் பெரியவரை மறுத்துப் பேசுவது அழகல்ல. இரண்டாம் தரம் கறி வாங்கிக்கொண்டேன்.

சீயோன்நகரில் இந்த மாசம் கடைசி ஞாயிறு வாலிபர் கூட்டமாம். அவர் தங்கை மகன்தான் செயலாளராம். "பணித்தளத்துல இருந்து வந்தவுக வாயால ரெண்டு வார்த்த கேட்டா பிள்ளையளுக்கு உற்சாகமா இருக்கும்" என்றார். சரி என்று சொன்னேனா என்பது நினைவில்லை. இல்லை என்று சொல்லவில்லை.

மே 25, ஞாயிறு

சீயோன்நகர் போய் வந்தோம். அறுபது பிள்ளைகள் இருந்தார்கள். பியூலா பின் வரிசையில் உட்கார்ந்தாள். வரவேற்புரையில் "பனிப் பிரதேசத்திலிருந்து திரும்பிய" என்று என்னைப் பற்றிச் சொன்னார்கள். இன்னொரு சால்வை.

ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. மைனஸ் பதினெட்டில் நின்றிருக்கிறேன் என்றேன், உண்மை. என் மூச்சே மீசையில் வெள்ளையாக உறைந்தது என்றேன், உண்மை. குதிரையிலிருந்து இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது என்றபோது சிரித்தார்கள், அதுவும் உண்மை. என்னைச் சுற்றிலும் ஆயிரக்கணக்கில் கிடந்தும் ஒன்றுகூட வாய் திறக்கவில்லை என்றேன். அதை அவர்கள் ஆத்துமாக்கள் என்று எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? இரண்டு பெண்பிள்ளைகள் அழுதார்கள். முடிவில் மூன்று பேர் எழுந்து, நாங்களும் ஊழியத்துக்குப் போவோம் என்று ஒப்புக்கொடுத்தார்கள். நன்றாகப் பேசினேன் என்றுதான் நினைக்கிறேன்.

திரும்பும்போது பியூலாதான் ஸ்கூட்டி ஓட்டினாள். நான் பின்னால். உப்பளங்கள் தாண்டியதும் திரும்பாமலே கேட்டாள்.

"கணவாய்க்கு மொழிபெயர்ப்பு யாரு செஞ்சா?"

காற்றில் கேட்காதது போல இருந்துகொண்டேன்.

மே 26

மூன்று இட்லி. சட்னி. பேச்சு இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

புது ஐயர் வந்துவிட்டார். சபையாரை வீடுவீடாக விசாரிக்க வந்தவர் சுவரில் ஜெப அட்டையைப் பார்த்துவிட்டு, "எந்த வருஷம் போயிட்டு வந்தீங்க?" என்று கேட்டார். பியூலா காப்பி போட உள்ளே போய்விட்டாள். போட்டுக்கொண்டே இருந்தாள். நான் மங்கோலியாவின் பதினாலாம் நூற்றாண்டைப் பற்றி அவருக்குச் சொன்னேன்.

ஜூலை 7, திங்கள்

எழுதித்தான் ஆக வேண்டும்.

காலை பத்து மணி இருக்கும். பியூலா அரிவாள்மனையில் முருங்கைக்காய் அரிந்துகொண்டே போனைச் சாய்த்து வைத்து ஒயுனாவோடு பேசிக்கொண்டிருந்தாள். முந்நூறு வார்த்தை இப்போது எவ்வளவு ஆயிற்றோ, சிரிக்கவும் சண்டை போடவும் தெரிந்திருக்கிறது. நான் முன்னறையில் சரித்திரப் புத்தகத்தை வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சத்தம் நின்றது.

பியூலா வந்து என் முன்னால் நின்றாள். கையில் பாதி முருங்கைக்காய்.

"ஏப்ரல் ரெண்டாந் தேதி உங்களுக்கு ஒரு மெயில் வந்துச்சுன்னு ஒயுனா சொல்லுதா. வந்துச்சா?"

"வந்தது."

"என்னன்னு?"

"விசா."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும்."

"எங்க?"

புத்தகத்தைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். நாலாக மடித்திருந்த தாளைப் பிரித்து நின்றபடியே வாசித்தாள். ஜூலை 31க்குள் நாட்டுக்குள் நுழைய வேண்டும், தவறினால் மறுபடியும் முதலிலிருந்து. அதை இரண்டு தரம் வாசித்தாள் என்று நினைக்கிறேன். மூன்று மாதமாக அவளை ஊரெல்லாம் "வரல" என்று சொல்ல வைத்திருக்கிறேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எளிது.

தரையில் உட்கார்ந்தாள். "என்னங்க, உங்களுக்குப் பயமா இருக்கா?"

ஏற்ற காலத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றேன்.

"பயம்னு சொல்லுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு. பத்து வருஷ வேலைய விட்டுட்டு நிக்கேன், பயம் இருக்காதா? ரெண்டு பேருமா பயந்துக்கிட்டே போவோம்."

அந்த இடத்தில் நான் ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பாழாய்ப்போன வாய், அது வேறொன்றைச் சொன்னது. "ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கலையா?"

"நீங்க இன்னும் அடுப்பே பத்த வைக்கல" என்றாள். பிறகு எழுந்து, "நான் போறேன்" என்றாள். முருங்கைக்காயை வைத்த இடத்தைத் தேடிப்போய் மீதியையும் அரிந்தாள்.

ஜூலை 8

சாம்பார் நன்றாக இருந்தது. சொன்னேன். பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலை 10, வியாழன்

பியூலா சபைக் கமிட்டியில் போய் நின்றாள். பெண்பிள்ளை தனியாக எப்படி என்றார்கள். அங்கே ஒயுனா அக்கா இருக்கிறாள் என்றாள். புருஷன் அனுமதி உண்டா என்றார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலையாட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்பது எனக்கே தெளிவில்லை. உண்டு என்று எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த சிக்கல் வழியனுப்பு. ஒரே ஆளுக்கு இரண்டு தரம் வழியனுப்பு ஆராதனை வைக்க முறையில் இடம் உண்டா என்று முக்கால் மணி நேரம் பேசினார்கள். பியூலா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"ஜனவரில வச்சது எனக்கும் சேத்துத்தானே ஐயா? அந்த வழியனுப்புலயே நான் போயிக்கிடுதேன். புதுசு வேண்டாம்."

அதற்குத் தீர்மானம் தேவையில்லை என்று எல்லாரும் ஒருமனதாக ஏற்றார்கள்.

ஜூலை 22, செவ்வாய்

காலை விமானம். வாகைக்குளம் விமான நிலையத்தில் நானும் ரெக்ஸ்லினும் மட்டும். அவளிடம் ஒரு பெட்டி, ஒரு தோள்பை. பெட்டியில் காற்று இறக்கிய ஆறு பந்துகளும் ஒரு பம்பும் பாதி இடத்தை அடைத்துக்கொண்டன. ஸ்வெட்டர் ஒன்றுதான் வைத்தாள். என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"மிளகாய்ப்பொடி பெரிய டப்பால இருக்கு. சிலிண்டர் பதிஞ்சிட்டேன்" என்றாள். நான் சரி என்றேன். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். ஒரு நாள்கூட அவளை எங்கும் தனியாக அனுப்பியதில்லை. அனுப்பியதில்லை என்ன, அவள்தான் என்னை ஒவ்வொரு இடத்துக்கும் கூட்டிப் போயிருக்கிறாள்.

உள்ளே போகும் முன் நின்று திரும்பினாள். "எப்ப வந்தாலும் வாங்க. ஆனா வாறேன் வாறேன்னு சொல்லிட்டு மட்டும் இருக்காதிய."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு தெரிகிற வரை கையாட்டினேன். பக்கத்தில் நின்ற ஒருவர் யாரை அனுப்ப வந்தீர்கள் என்றார். மனைவியை என்றேன். எந்த ஊர் என்றார். சொன்னேன். "நீங்க போகலையா?" என்றார்.

ஜூலை 31, வியாழன்

கோல்டு ஸ்டோரேஜில் இருபது நிமிடம் நின்றேன். இதுவரை இல்லாத அளவு. ரெக்ஸ்லின் உள்ளே வந்து கையைப் பிடித்து வெளியே இழுத்தான். காலி மீன்பெட்டியின் மேல் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, தன் போனை நீட்டினான். பியூலா அனுப்பிய படம். பச்சைப் புல்வெளி, நீல வானம், அரைக்கைச் சட்டை. முகத்தில் வேர்வை.

"அத்தான், அங்க இப்ப கோடை" என்றான். "அக்கா ஃபேன் கிடைக்குமான்னு கேக்கா."

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சீயோன்நகரில் அன்றைக்கு எழுந்து நின்ற மூன்று பேரில் ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். அடுத்த மாதம் ஒரிசாவுக்குப் போகிறாளாம், ஒரு பள்ளி விடுதியில் வேலை. அவ்வளவு சீக்கிரமாகவா, ஆயத்தம் வேண்டாமா என்று கேட்டேன். "உங்க சாட்சியைக் கேட்டப்புறம் காத்திருக்கத் தோணல அண்ணே" என்றாள். ஜெபம் பண்ணி அனுப்பச் சொன்னாள். முழங்காலிட்டேன். அவளே ஜெபித்துவிட்டுப் போனாள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை அச்சிடுகிறவர்கள் நீக்க வேண்டாம். அச்சிடுகிறவர்கள் என்று யாரும் வரப்போவதில்லை என்பதும் தெரியும்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மதியம் மூன்று மணிக்குப் பியூலாவின் வீடியோ அழைப்பு. வாரம் ஒரு தரம் பேசுவாள், ஐந்து நிமிடம். சாப்பிட்டீர்களா, பல்வலி எப்படி, அவ்வளவுதான். இன்றைக்குக் கூடத்திலிருந்தே பேசினாள். கழுத்தில் விசில். பின்னால் பந்து தட்டுகிற சத்தம், கூச்சல். அங்கே நேற்று முதல் பனி விழுந்ததாம். பிள்ளைகள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

ஒரு பெண் பியூலாவின் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து ஏதோ கேட்டாள். பியூலா அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் திரும்பினாள்.

"நீங்க ஏன் வரலன்னு கேக்கா. ரெண்டு மாசமா விசா விசான்னு சொல்லிட்டிருக்கேன். ஞாயித்துக்கிழமை இதுவளுக்கு உண்மையப் பத்திச் சொல்லிக்குடுத்துட்டு, திங்கக்கிழமை நான் பொய் சொல்ல முடியல. நீங்களே சொல்லுங்க. என்ன சொல்லட்டும்?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. எனக்குப் பதில்கள் தெரியும். ஊருக்கு ஒன்று, ஐயருக்கு ஒன்று, கடைத்தெருவுக்கு ஒன்று. அந்தப் பெண் போனை உற்றுப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பயமா இருக்குன்னு சொல்லு" என்றேன்.

"குளிருக்கா?" என்றாள்.

"குளிருக்கு இல்ல, பியூலா. இங்க நான் மிஷனெரி. போகாட்டாலும் மிஷனெரி. அங்க வந்தா பேசத் தெரியாது, பந்து பிடிக்கத் தெரியாது, ஒரு பிள்ள பேருகூடத் தெரியாது. ஒண்ணுமில்லாத ஆளாப் போயிருவேன். அதுக்குத்தான் பயம். இங்க அஞ்சு வயசுப் பிள்ளயே ஸ்தோத்திரம் அண்ணேங்கு."

சொல்லி முடித்தேன். அழுதேன். சிக்னல் சரியில்லை என்றேன். பியூலா மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இங்கேயும் சரியில்லை என்றாள்.

பிறகு அவர்களிடம் திரும்பிச் சொல்ல ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் சொன்னாள். பந்துச் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பத்து, இருபது பேர் வந்து போனைச் சுற்றி நின்றார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. என் பெயர் மட்டும் நடுநடுவே வந்தது. சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்குள் என்னவோ வாக்குவாதம் நடந்தது. நெட்டையாக ஒரு பையன் எங்கேயோ ஓடிப்போய், உள்ளே கம்பளி வைத்துத் தைத்த பெரிய மேலங்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். இன்னொருவன் அதைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

"என்னவாம்?" என்றேன்.

"இவன் அண்ணனோட கோட்டு. உங்களுக்கு எட்டும்ங்கான் இவன். எட்டாதுங்கான் அவன்." பியூலா கண்ணைத் துடைத்தாள். "எந்திரிச்சி நில்லுங்க. உயரம் பாக்கணுமாம்."

லுங்கியும் பனியனுமாக இருந்தேன். எழுந்து நின்றேன்.

"திரும்புங்க."

திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க, கால் தெரியலன்னு சொல்லுதாவ."

போனைப் பீரோவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு, சுவரில் முதுகு முட்டும் வரை பின்னால் போய் நிமிர்ந்து நின்றேன்.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டேன்.

"தெரியுது" என்றாள் பியூலா. "அப்படியே நில்லுங்க."